போனில் நான் சொன்ன பொய்

கொரோனாவுக்காக முதல் ஊரடங்கு போட்டார்களே, அந்தக் கோடையில் நடந்தது இது. எனக்கு ஊர் வடக்கனந்தல். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. இருபது வருடமாக ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று கத்தியே பழகிய தொண்டை. பஸ் நின்ற பிறகு பேச ஆளில்லை. வீட்டுக்காரி இருப்பாளே என்று கேட்பீர்கள். இருந்தாள். ஆனால் அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எனக்குப் பெரிய தனிமையாக இருந்தது.

முந்தின வருடம் எனக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். புற்றுநோய்க் கட்டி. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியிலேயே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். டாக்டரிடம் பேசும்போதெல்லாம் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டேன். “கல்லுதான், எடுத்துட்டாங்க” என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பினாள். கல்லுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாரத்தில் நாலு நாள் வாழைத்தண்டு சாறு அரைத்துக் கொடுத்தாள். நானும் மூச்சு விடாமல் குடித்தேன்.

அந்தக் கட்டி திரும்பத் திரும்ப முளைக்குமாம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு முறை போய்வந்தேன். மூன்றாவது முறை போக வேண்டிய வாரத்தில் ஊரை அடைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார். வார்டுகளையெல்லாம் கொரோனாவுக்குக் கொடுத்துவிட்டார்களாம், ஒரே ஒரு ஆபரேஷன் தியேட்டர்தான் நடக்கிறதாம், சிறுநீரில் ரத்தம் போகிறவர்களை மட்டும் கூப்பிடுகிறார்களாம். ரத்தம் போகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

பத்து நாள் கழித்துச் சிவப்பாகப் போனது. வலி ஒரு பொட்டும் இல்லை. கைலியில் கறையைப் பார்த்துவிட்டு, “இன்னாங்க இது?” என்று அவள் பதறினாள். “சூடு ஜாஸ்தியாயிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல” என்றேன். உடனே இளநீர், ஊறவைத்த வெந்தயம், தலைக்கு விளக்கெண்ணெய், கூடவே அந்த வாழைத்தண்டு சாறு. நாலாம் நாள் ரத்தம் நின்றுவிட்டது. நிஜமாகவே சூடுதான் போலிருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன். என் பொய்யை நானே நம்பிய கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

மறுவாரம் மறுபடியும் வந்தது. இந்த முறை ரத்தம் உறைந்து கட்டி கட்டியாக. வீட்டுக் கழிப்பறைக்குப் போனால் அவள் பார்த்துவிடுவாள் என்று கரும்புக் கொல்லைப் பக்கம் போக ஆரம்பித்தேன். அதற்குள் நர்ஸ் இரண்டாம் முறை கூப்பிட்டார். அப்போதும் இல்லை என்றேன்.

ஏன் சொன்னேன் என்றால், எங்கள் தெருக் கோடியில் ஒரு வீட்டுக்குத் தகரம் அடித்திருந்தார்கள். அந்த வீட்டில் ஒருவருக்குக் கொரோனா. வாசலை மறைத்துத் தகரம் அடித்த பிறகு அந்தப் பக்கம் நடக்கிறவர்கள்கூட எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் என் வீட்டுக்கும் அந்தக் கதிதான் என்று உள்ளுக்குள் உதறல். ஆனால் பயம் என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் முடியாதவர்களுக்கு என் சீட்டை எழுந்து கொடுப்பேன் அல்லவா, அது மாதிரி என்னைவிட முடியாதவர் யாருக்கோ என் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

மூன்றாவது போன் வந்தபோது கொல்லை வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரமாக முக்கியும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போனது.

“ரத்தம் எதுனா...” என்று நர்ஸ் ஆரம்பித்ததுமே, “இல்லம்மா” என்றேன்.

“நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள இல்லன்றீங்களே அண்ணா. நானும் உங்க பக்கம்தான், திருநாவலூரு. நம்ம ஊரு ஆம்பளைங்க எப்பிடிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

என்னைவிட முடியாதவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள் என்று சமாளித்தேன்.

“நேத்து ஒருத்தருக்குத் தேதி குடுத்தோம். பயந்துகினு வரல. டாக்டருங்க ரெடியா நின்னுகினு இருந்தாங்க. அந்த எடம் யாருக்கும் போவலண்ணா. காலியாத்தான் போச்சு.”

அந்தக் கொல்லையில், கண்டக்டராகிய நான் ஓவென்று அழுதேன். அவர் போனை வைக்கவில்லை. அழுது முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நாளை மறுநாளே வரச் சொல்லி, இ-பாஸுக்குக் கடிதமும் அனுப்பினார்.

பிறகு வீட்டுக்காரியிடம் சொன்னேன். எப்போதும் வாங்க போங்க என்று பேசுகிறவள், “கல்லு கல்லுன்னு சொல்லி என்னைய வாழத்தண்டு அரைக்க வச்சியே, பாவி மனுசா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் என் துணிகளை எடுத்து மடித்தாள்.

வாடகைக் காரில் போனோம். எப்போதும் லாரியும் பஸ்ஸுமாக நெரியும் உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஒரு நாய் நிதானமாகக் குறுக்கே நடந்தது. ஆஸ்பத்திரி வாசலோடு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்து, முடிவு வரும்வரை ஒரு அறையில் தனியாக வைத்தார்கள். சாப்பாட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆபரேஷன் அன்றைக்கு எல்லோரும் தலை முதல் கால் வரை மூடியிருந்தார்கள். யார் டாக்டர், யார் நர்ஸ் என்றே தெரியவில்லை. முதுகில் ஊசி போடும்போது நடுங்கிய என் தோளைக் கையுறை போட்ட ஒரு கை பிடித்துக்கொண்டது. “திருநாவலூர்தாண்ணா, ஆடாம உக்காருங்க” என்றது குரல். கண் மட்டும் தெரிந்தது.

கட்டி இன்னும் ஆழமாக இறங்கவில்லை, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்த நர்ஸிடம், அன்றைக்கு வராத அந்த ஆள் அப்புறம் வந்தாரா என்று கேட்டேன்.

“தெனமும் கூப்புட்டுகினுதான் இருக்கறண்ணா. மணி அடிக்குது. எடுக்க மாட்டேன்றாரு” என்றார்.

திரும்பி வந்தபோது என் வீட்டுக்கு யாரும் தகரம் அடிக்கவில்லை. யாரும் வந்து எட்டிப் பார்க்கவும் இல்லை. வீட்டுக்காரி மட்டும் கூடவே இருந்தாள். அவளிடம் மறைக்க எதுவும் இல்லாததால் அந்த நாட்கள் ஓடிவிட்டன. இப்போது பஸ் ஓடுகிறது, நானும் ஓடுகிறேன், கேமரா பரிசோதனையும் தவறாமல் நடக்கிறது. போனை எடுக்காத அந்த மனிதர் யார், எந்த ஊர், என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அவரும் என்னைப் போல ஏதோ ஒரு கொல்லையில் தனியாக உட்கார்ந்து, அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் என்று தோன்றும். அதனால்தான், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால்கூட, மலைப்பாதை வளைவில் கூட்டத்துக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.