எதுக்கும் இருக்கட்டும்

அலுவலகக் கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை வந்தவர் திரும்பிப் போகிறார். கைப்பிடியைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்கிறார். கதவு பூட்டித்தான் இருக்கிறது. ஒரு நிமிடம் முன்பு இழுத்தபோதும் பூட்டித்தான் இருந்தது. லிஃப்டுக்குள் நின்று, அதன் கதவு மூடாமல் இருக்கக் காலை நீட்டிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்கிறார். மூன்று வருஷமாக மாலை ஆறு மணிக்கு இதே காட்சி, இதே வசனம். என் இடது செருப்பின் ஓரம் தேய்ந்துபோனதற்கு அந்த லிஃப்ட் கதவுதான் காரணம் என்று ஒரு நாள் அவரிடம் முறையிட்டேன். "அப்ப வலது காலை நீட்டுங்க" என்றார்.

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் டோக்கன் அக்கா. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது முறைதான் திரும்பிப் பார்ப்பார். ஐம்பதை எட்டும் வயது, காதோரம் நரை, கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கும் மூக்குக்கண்ணாடி. மருத்துவமனைகளில், பிறந்த குழந்தைகளின் இதயத்துடிப்பைக் காட்டும் திரைகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் நிறுவனத்தின் தொழில். அந்த மென்பொருளின் அடித்தளம் முழுக்க அவர் கைவேலை. அந்தத் திரையை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவது என் வேலை. யாரும் பிரித்துக்கூடப் பார்க்காத புத்தகத்தை எழுதுவதால் என்னை "எழுத்தாளரே" என்று கூப்பிடுவார். மரியாதையா கிண்டலா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

இருப்புக் கொள்ளாத மனுஷி. மேசையை உயர்த்திவைத்து நின்றபடியேதான் வேலை செய்வார். நாலு வரி அடிப்பார், ஜன்னல் வரை போவார், திரும்பி வந்து இரண்டு வரியை அழிப்பார். யோசனை கூடினால் நடையும் கூடும். அவர் தண்ணீர்க் குழாயைத் தாண்டி அச்சு இயந்திரம் வரை போய்விட்டால் ஏதோ பெரிய சிக்கல் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். அவருடைய நாற்காலியில் அவரைத் தவிர எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். மீதி நேரத்தில் அது எங்கள் பைகளைச் சுமக்கும்.

ஒரு முறை என்னிடம் கத்தரிக்கோல் வாங்கிப்போனார். பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார். மாலையில் மறுபடி வந்து, "இந்தாங்க எழுத்தாளரே, மறந்தே போயிட்டேன்" என்று இன்னொரு கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனார். அது வரவேற்பு மேசைப் பெண்ணுடையது. அந்தப் பெண் அதை இரண்டு நாள் தேடினாள். கடனாக வாங்கிய பொருள் கையில் தங்கிவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது. அதனால் கொடுத்ததையே மறுபடி கொடுத்துவிடுவார். இதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த புதிதில், "அப்படி என்னதான் செய்யறீங்க?" என்று கேட்டேன். நடந்துகொண்டே பதில் சொன்னார். நானும் பின்னாலேயே நடந்தேன்.

"பெரிய கடையில வாசல்ல பையை வாங்கி வச்சுக்கிட்டு டோக்கன் குடுப்பாங்கல்ல, அது மாதிரிதான். கம்ப்யூட்டருக்குள்ள நினைவகம்னு ஒரு பெரிய கிடங்கு. நம்ம புரோகிராமுக்கு இடம் வேணும்னா அங்க கேக்கணும். இடத்தை நேரா நம்ம கையில தர மாட்டாங்க, ஒரு டோக்கன்தான் தருவாங்க. ஹேண்டில்னு சொல்லுவோம். அந்த டோக்கனைக் காட்டித்தான் உள்ள போகணும், வேலை முடிஞ்சதும் அதைக் காட்டித்தான் இடத்தைத் திருப்பிக் குடுக்கணும்."

"குடுக்காட்டி?"

"கொஞ்சம் கொஞ்சமா கிடங்கு நெறைஞ்சு, ஒரு நாள் எல்லாம் மூச்சடைச்சு நின்னுடும். அதனால நான் திருப்பிக் குடுக்கற வரியத்தான் மொதல்ல எழுதுவேன். வாங்கற வரி அப்புறம்தான்."

உண்மைதான். அவர் திரையை எட்டிப் பார்த்திருக்கிறேன். கடைசி வரி முதலில் வரும், அப்புறம் முதல் வரி, அப்புறம்தான் நடுவில் வேலை. வீட்டிலும் இதே நியாயம். பகல் பன்னிரண்டு மணிக்குக் கணவருக்குப் போன் போடுவார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் எடுப்பார். "கேஸை மூடினீங்களா?" என்பார் அக்கா. போனின் ஒலிபெருக்கியில் அவர் பதில் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்: "மூடியாச்சும்மா. ரெண்டு தடவை மூடியாச்சு. இன்னொரு தடவை திருகினா திறந்துக்கும்." நாங்கள் சிரிப்போம். அக்கா சிரிக்காமல், "சரி, ஜன்னல்?" என்பார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சிரிப்பு நின்றது. ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் எங்கள் திரையில் ஒரு எண் நாற்பது விநாடி உறைந்துபோய்விட்டது. மூன்றாம் தொட்டிலின் துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு என்று காட்டியபடியே நின்றது. உண்மையில் அந்தக் குழந்தையின் துடிப்பு அப்போது விழுந்துகொண்டிருந்தது. தலைமை நர்ஸ் தற்செயலாகத் தொட்டிலைப் பார்த்ததால் குழந்தை பிழைத்தது. இதே மென்பொருள் இன்னும் பத்து மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் தெரியாதவரை எந்தத் தொட்டிலில் எப்போது மறுபடி நடக்கும் என்று சொல்ல முடியாது.

அக்கா அன்றைக்கு அச்சு இயந்திரத்தையும் தாண்டி மாடிப்படி வரை நடந்தார்.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் பழியென்றால் அவருக்கு அலர்ஜி. "நர்ஸுங்க ஏதாவது பட்டனை அமுக்கியிருப்பாங்க. கையேட்டை எடுத்துட்டுப் போய் என்ன செஞ்சாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்று என்னையும் அக்காவோடு அனுப்பினார். கையேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். எண்பத்தாறாம் பக்கத்தில் 'செய்யக்கூடாதவை' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஏதாவது ஒன்றை அந்த நர்ஸ் செய்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் ஆசைப்பட்டேன். இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்த அறையில் ஒன்பது தொட்டில்கள், நான்கு நர்ஸுகள். திரையை நம்பக்கூடாது என்று ஆகிவிட்டதால் நான்கு பேரும் தொட்டில் தொட்டிலாகப் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை நர்ஸுக்கு அக்காவின் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"ஏழாம் தொட்டில் குழந்தைய வீட்டுக்கு அனுப்பினோம். திரையில 'அனுப்பியாச்சு'ன்னு தட்டினேன். அதே நேரத்துல இவ இந்தப் பக்கம் புதுக் குழந்தைய மூணாம் தொட்டில்ல சேத்தா" என்று பக்கத்திலிருந்த நர்ஸைக் காட்டினார். "திரையில நல்ல நம்பர் இருந்துச்சு. ஆனா குழந்தையோட உதடு நீலமா இருந்துச்சு. நான் குழந்தையப் பாத்தேன், அவ்வளவுதான். எனக்கு ரெண்டு கண்ணுதாங்க. ஒம்பது தொட்டிலுக்கு அது போதாதுன்னுதானே உங்க பெட்டிய வாங்கி வச்சோம்?"

அக்கா அந்த இரண்டு தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாம் தொட்டிலுக்கும் ஏழாம் தொட்டிலுக்கும் நடுவில் நடக்க ஆரம்பித்தார். போனார், வந்தார், போனார். நர்ஸ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "ஒரு இடத்துல நில்லுங்கம்மா. உங்களப் பாத்தா குழந்தைங்களுக்கே படபடன்னு வருது."

அக்கா நின்றார், கால் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. நர்ஸ் ஐந்தாம் தொட்டில் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். கொடுத்த கையோடு, மூடியைக்கூடப் போடாமல், தொட்டிலில் தொங்கிய அட்டையில் ஒரு டிக் போட்டார்.

"குடுத்தோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா என்ன செய்வீங்க?" என்றார் அக்கா.

"அட்டையப் பாப்பேன். டிக் இருந்தா குடுத்தாச்சு."

"எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொரு தடவை..."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கும் இருக்கட்டும்னா? இன்னொரு தடவை குடுத்தா குழந்தை செத்துடும்மா."

அக்காவின் கால் விரல்கள் நின்றுபோயின. மூன்று வருஷப் பழக்கத்தில் அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "போலாம் எழுத்தாளரே" என்றார்.

அலுவலகத்துக்கு வந்ததும் நாற்காலியில் இருந்த பைகளைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். எங்களிடம் சோதனைக்கென்று ஒரு திரை இருக்கிறது. அதில் இல்லாத குழந்தையை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் ஒரு பட்டனைக் கொடுத்தார். இல்லாத இன்னொரு குழந்தையை அதே கணத்தில் சேர்ப்பது அவர் வேலை. அனுப்பு, சேர். அனுப்பு, சேர். பதினாறு தடவை ஒன்றும் ஆகவில்லை. பதினேழாவது தடவை புதுக் குழந்தையின் துடிப்பு எண் அப்படியே நின்றது.

"வந்துருச்சு" என்றார். மகிழ்ச்சியாகச் சொல்லவில்லை.

பிறகு அந்த வரியை எனக்குக் காட்டினார். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதியது. சேர்க்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கிடங்கில் தனி இடம், தனி எண் போட்ட டோக்கன். குழந்தை வீட்டுக்குப் போனதும் டோக்கனைக் காட்டி இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது சரியாகவே நடக்கிறது. ஆனால் சற்றுக் கழித்து, கடைசியாகக் கூட்டித் துடைக்கும் பகுதியில், அதே டோக்கனைக் காட்டி மறுபடியும் ஒரு தடவை திருப்பிக் கொடுக்கிறது மென்பொருள். வழக்கமாக அந்த எண் அப்போது யாரிடமும் இருக்காது, அதனால் கேடு தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த இடைவெளியில் புதுக் குழந்தை வந்துவிட்டது. கிடங்கு அதே எண்ணை அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டது. இரண்டாவது தடவை பறிபோனது அந்தக் குழந்தையின் இடம். இடம் போனதும் திரையில் அதன் துடிப்பைப் புதுப்பிக்கும் வேலையும் நின்றுபோனது. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. தமிழிலேயே எழுதியிருந்தார்: எதுக்கும் இருக்கட்டும்.

எனக்கு என் இரண்டாவது கத்தரிக்கோல் நினைவுக்கு வந்தது. நல்ல வேளையாக வாயைத் திறக்கவில்லை.

திருத்துவதற்கு நேரம் ஆகவில்லை. அந்த வரியை எடுத்தார். முதல் தடவை திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு அடியில் ஒரே ஒரு வரி சேர்த்தார். "குடுத்த கையோட டோக்கனைக் கிழிச்சுடணும். கையில டோக்கனே இல்லைன்னா ரெண்டாவது தடவை எதைக் காட்டறது?" என்றார். மறுபடி அனுப்பு, சேர் என்று இருநூறு தடவை செய்துபார்த்தோம். திரையில் எண் ஒரு தடவைகூட நிற்கவில்லை. என் விரல்தான் ஓய்ந்துபோனது.

பதினோரு மருத்துவமனைகளுக்கும் போக வேண்டிய கடிதத்தை மேலாளர் என்னிடம் எழுதச் சொன்னார். இந்த மாதிரிக் கடிதத்துக்கு என் கை பழகியது. 'எதிர்பாராத தொழில்நுட்பச் சூழலால்' என்று ஆரம்பித்தேன். அக்கா தோளுக்கு மேல் எட்டிப் படித்தார்.

"எதிர்பாராததுன்னு எழுதாதீங்க. நான் எதிர்பாத்திருக்கணும்."

"பொதுவா அப்படித்தான் எழுதறது, அக்கா."

"அப்ப அந்த நர்ஸம்மா நாமதான் ஏதோ தப்பா தட்டிட்டோம்னு நெனைச்சுக்கிட்டே இருப்பாங்க. அவங்க கை மேல தப்பு இல்லைன்னு எழுதுங்க. புரோகிராம் எழுதினவங்க கை மேலதான்னு எழுதுங்க."

மேலாளர் வந்து, "இவ்வளவு விவரம் தேவையா?" என்று கழுத்தைச் சொறிந்தார். "என் பேரையும் போடுங்க" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. அவருடைய வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மேலாளர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார், கையெழுத்துப் போட்டார். அந்தக் கணத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

கடிதம் போனது போதாதென்று அக்கா பதினோரு இடத்துக்கும் போன் போட்டார். பொறியாளரிடம் பேசவில்லை, குழந்தைகள் பிரிவின் நர்ஸைக் கூப்பிடச் சொல்லிப் பேசினார். "புதுசு ஏத்தற வரைக்கும் திரைய நம்பாதீங்கம்மா, குழந்தையப் பாருங்க" என்று பதினோரு தடவை சொன்னார். கடைசி இடத்திலும் புது மென்பொருள் ஏறிவிட்டது என்று தகவல் வந்தபோது மணி ஆறாக ஐந்து நிமிடம். நாற்காலியிலிருந்து எழுந்தார். பைகளை எடுத்து மறுபடி அதன்மேல் வைத்தார். எப்போதும்போல ஜன்னல் வரை ஒரு நடை போய்வந்தார்.

கதவைப் பூட்டினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். நான் லிஃப்டுக்குள் போய் வழக்கம்போல இடது காலை நீட்டினேன். என்னருகில் வந்து நின்றவர் சட்டென்று திரும்பினார். கதவை நோக்கி மூன்று அடி போனார், நான்காவது அடியில் நின்றார். கைகள் புடவைத் தலைப்பைப் பிசைந்தன. பிறகு பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, இடது உள்ளங்கையில் ஒரு டிக் போட்டுக்கொண்டார். லிஃப்டுக்குள் வந்தார். கீழே போய்ச் சேரும்வரை அந்தக் கையை இறுக்கி மூடியே வைத்திருந்தார்.