பின்னோக்கி வந்த சப்பரம்

எழுபதுகளில் எஸ்டேட் கோயிலை மூடி, எங்களைக் கோப்பெங் டவுன் கோயிலோடு சேர்த்தார்கள். முதல் திருவிழாவிலேயே சண்டை. சப்பர லாரியில் முன்னால் நிற்பது எங்கள் அந்தோணியாரா, டவுன்காரர்களின் செபஸ்தியாரா?

லாரி ஓட்டுநர் இந்து. எப்போதும் காதில் செருகியிருக்கும் தீக்குச்சியை எடுத்துப் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "போறப்ப அந்தோணியாரு முன்னால. திரும்பறப்ப கோஸ்தான்லயே வாரேன், செபஸ்தியாரு முன்னால. சரியா லா?"

இருவரையும் முதுகோடு முதுகாக நிறுத்தினார். திரும்பும்போது லாரி கோஸ்தானில், அதாவது ரிவர்ஸில், பின்னோக்கியே வந்தது. அது சாக்கடையில் இறங்கிவிடாமலிருக்க, ஜெபமாலையை விட்டுவிட்டு, இரு கோயில்காரர்களும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து கத்தினோம்.

"பக்கத்துப் பக்கத்துல நிப்பாட்டியிருக்கலாமே, அண்ணே?" என்று பிறகு கேட்டேன்.

"நிப்பாட்டலாம். அப்புறம் வலப்பக்கம் யாருன்னு ஆரம்பிப்பீங்க."

வலப்பக்கம் எங்கள் அந்தோணியார்தானே என்று சொல்லவந்த வாயை மூடிக்கொண்டேன்.