என் கால்மாட்டில் இரண்டு டாக்டர்கள்

என் வலது காலில் செருப்பு இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி பிலோமினா. அது எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. நானோ செருப்போடு நடப்பதாக நினைத்து, உச்சி வெயிலில் மாதா கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தேன். மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். தார் ரோடுகூட எனக்குச் சுடாது என்று பீற்றிக்கொண்டேன். சுடாததுதான் நோய். சர்க்கரை முற்றினால் பாத நரம்பு மரத்துப்போகும்.

அந்தச் சூட்டில் வந்த கொப்புளம் புண்ணானது, சுண்டுவிரல் கறுத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். சேர்ந்த உடனே, உயில் எழுதலாமா என்று பிலோமினாவிடம் கேட்டேன்.

"ரெண்டு குழாய் ஸ்பீக்கருக்கு எதுக்கு உயிலு? பேசாம படுங்க" என்றாள்.

எனக்கு இரண்டு டாக்டர்கள். விஷம் மேலே ஏறுமுன் பாதத்தையே எடுத்துவிட வேண்டும் என்றார் அறுவை டாக்டர். இந்தச் சர்க்கரையில் வெட்டினால் வெட்டிய இடமும் ஆறாது என்றார் சர்க்கரை டாக்டர். ஏதோ பழைய மனத்தாங்கலில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் போன பிறகே மற்றவர் வருவார். நர்சுகளும் இரண்டு கட்சி. நான் இரண்டு பேரிடமும் "நீங்க சொல்றதுதான் சரி சார்" என்று சொல்லி வைத்தேன்.

ஒரு காலை, அறுவைக்காக என்னைப் பட்டினி போட்டார்கள். அது ஒரு டாக்டரின் உத்தரவு. வழக்கமான இன்சுலினும் (சர்க்கரையைக் குறைக்கும் ஊசி) போட்டார்கள். அது இன்னொருவரின் உத்தரவு. வியர்த்துக் கொட்டி, நாக்கு குழறியது. நான் செத்தே விட்டேன் என்று முடிவுசெய்து, என் சாவுக்கு யார் மைக் செட் போடுவார்கள் என்று கவலைப்பட்டேன். தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுவது) என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றி மீட்டார்கள்.

தலைமைச் செவிலியர் ரெஜினா, ஊசி போட்ட பெண்ணைத் திட்டவில்லை. இரண்டு டாக்டர்களையும் வரவழைத்து, ஒரே நேரத்தில் என் கால்மாட்டில் நிறுத்தினார்.

"என் வார்டுல நடந்த தப்பு, நான் ஏத்துக்கிறேன். இனிமே ரெண்டு பேரும் சேந்து வந்து சொன்னாத்தான் எங்க பிள்ளைக இந்தக் கட்டிலுக்கு எதுவும் செய்யும்."

"எனக்கே ரூல் போடுறீங்களா சிஸ்டர்?" என்றார் அறுவை டாக்டர்.

"கட்டிலுக்குப் போடுறேன் சார். உங்களுக்கு என்ன பயம், அவருக்கு என்ன பயம்னு இங்கயே சொல்லுங்க. இவரும் கேக்கட்டும். இவரு காலுதான?"

அறுவை டாக்டர், வெட்டாமல் காத்திருந்து காத்திருந்து ஒரு நோயாளியை இழந்த கதையைச் சொன்னார். "இத என்கிட்ட சொல்லவே இல்லையே சார்" என்றார் சர்க்கரை டாக்டர், தணிந்த குரலில். என் பயத்தை நான் சொல்லவில்லை. கட்டில் ஆடியே சொல்லிவிட்டது.

சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்ததும் சுண்டுவிரலையும் செத்த சதையையும் மட்டும் எடுப்பதென்று முடிவானது. வீக்கத்தின் சிவப்பு எங்கே முடிகிறதோ, அங்கே ரெஜினா சிஸ்டர் பேனாவால் ஒரு கோடு போட்டார். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் பாதம் போகும். அதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் இருவரும் சேர்ந்தே குனிந்து பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன்.

சிவப்பு தாண்டவில்லை. விரல் போனது, பாதம் தங்கியது.

உங்களுக்கும் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால், என்னைப்போல இருவருக்கும் தலையாட்டாதீர்கள். சேர்ந்து வந்து சொல்லச் சொல்லுங்கள். அந்த வார்டில் அதுவே பிறகு வழக்கமானது. முதல் கட்டில் என்னுடையது என்று இன்றும் பீற்றிக்கொள்கிறேன்.

இப்போது என் நாள் முகம் பார்ப்பதில் தொடங்குவதில்லை. விடிந்ததும் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்து, புதுப் புண் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கோடு என்றோ அழிந்துவிட்டது. அது இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, இந்தப் பக்கம்தான் இருக்கிறோம் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே தரையில் கால் வைக்கிறேன்.