களிமண் பள்ளத்தின் பச்சை

என் கணவர் விருத்தாசலத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். எடிட்டிங் முழுக்க நான்தான். மணமக்கள் முகத்தை வெளுப்பாக்கி, வானத்தை நீலமாக்கிக் கொடுக்க வேண்டும். அது சலித்துப்போய்த்தான் ஒரு கோடையில், விடியற்காலையில் கேமராவோடு ஸ்கூட்டியில் ஊருக்கு வெளியே போக ஆரம்பித்தேன்.

பீங்கான் கம்பெனிகளுக்கு மண் வெட்டிய பழைய பள்ளம் அங்கே இருந்தது. வெயிலிலும் வற்றாத தண்ணீர். பொழுது ஏற ஏறச் சாம்பலாக இருந்தது பாசிப்பச்சையாகி, பிறகு பால் கலந்தாற்போல வெளிறும். கரையில் வெள்ளை மண்மேடு. அதன் நிழல் சுருங்குவதை, கேமராவை அசைக்காமல் எடுத்தேன். ஆளில்லை, பேச்சில்லை, பாட்டில்லை. நிறத்தில் கை வைக்கவே இல்லை.

மறு கோடைவரை எடுத்ததைச் சேர்த்து, ஸ்டுடியோவில் அவருக்கும் மனை விற்கும் அவர் நண்பருக்கும் போட்டுக் காட்டினேன். நண்பர் பாதியில் போனோடு வெளியே போய்விட்டார்.

"ஹீரோ எப்ப வருவாரு?" என்று சிரித்தார் என் கணவர். நானும் சிரித்துவைத்தேன்.

தை மாதம். சேத்தியாத்தோப்பில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். எதிரே விளம்பரத் திரையில் என் பள்ளம்! தண்ணீர் நீச்சல்குளம் போல நீலம், மண்மேடு தங்கம். ஏரிக்கரையில் மனை வாங்க அழைத்தது ஒரு குரல். அந்த நீலம் எனக்குத் தெரியும். ரிசப்ஷன் வீடியோவுக்கு எங்கள் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் போடுவது. பஸ் வந்தது, ஏறவில்லை. ஸ்டுடியோவுக்குத் திரும்பினேன்.

"என்னங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிங்களா?"

"சும்மாதான கெடந்துது? ஃப்ரெண்டு கேட்டான், குடுத்தேன். இப்பதான் நாலு பேரு பாக்கறாங்க, அதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வெச்சிக்கற."

"அத அங்கேருந்து எடுத்துடச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார். சொல்லவில்லை.

நாத்தனார் போன் செய்தாள். "சூப்பரா இருக்குது அண்ணி. மொதல்லயே இப்பிடி கலரா எடுத்திருக்கலாம் இல்ல?"

"ஆமாம்" என்றேன்.

கொஞ்ச நாளில் மனைக்கல் நடுவதற்காக லாரி லாரியாகச் செம்மண் கொட்டிப் பள்ளத்தைத் தூர்த்தார்கள். தண்ணீர் கரையேறி, சேறாகி, அடங்கியது. நின்று பார்த்தேன். அதன் பிறகும் பஸ் ஸ்டாண்டுத் திரையில் ஏரி நீலமாகத்தான் இருந்தது.

இப்போது நல்லூர்ப் பக்கம் போகிறேன். எடுப்பது எதையும் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஏற்றுவதில்லை.

"எங்க கெளம்பிட்ட?" என்பார்.

"காத்தாட போயிட்டு வரேங்க."

தோளில் கேமரா பை தொங்குவது அவருக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்பதில்லை.