வேலுக்கு விரித்த தறப்பாள்

செய்தி வந்தபோது கோயில் மடப்பள்ளியில் இருந்தவர்கள் நான்கு பேர். கடலை அவித்துக் கொண்டிருந்த நான், பூக் கட்டிக் கொண்டிருந்த செல்லம்மா அக்கா, விறகு கொண்டு வந்த என் கணவர், படியில் நின்று தொலைபேசியில் பேசிய சிவநேசன் அண்ணன். ஐந்தாவது ஆள் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். அங்கே சொன்னதைச் சொல்லவில்லை என்று பிறகு யாரும் மறுக்கக் கூடாது.

"தவமணி போயிட்டாவாம்" என்றார் சிவநேசன் அண்ணன். தவமணி என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள். என் கணவர் விறகுக் கட்டை நெஞ்சோடு பிடித்தபடியே நின்றார். அதைக் கீழே போடவேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. அதற்குள் அண்ணன் அடுத்த வசனத்தையும் சொல்லிவிட்டார்: "பனியில, அந்தத் தறப்பாளுக்குக் கீழ படுத்த உடம்பு தானே. நான் அப்பவே சொன்னேன்."

செத்த வீட்டிலும் அதையே சொன்னார். எட்டாம் நாள் எட்டுச் செலவிலும் சொன்னார். இப்போது எங்கள் ஊர் உடப்பில் பாதிப் பேர் அதை நம்புகிறார்கள். ஆகவே இந்த நினைவு மலரில் மச்சாளைப் பற்றி எழுதச் சொன்னபோது, தேவாரத்தோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை.

பக்கத்து ஊர் முந்தலில் மச்சாளின் துணிக்கடையில் வாங்கிய எல்லோருக்கும் அவரது ஒரு பழக்கம் தெரிந்திருக்கும். எந்தத் துணியையும் முதலில் வாயில் வைத்து ஊதுவார். பிறகுதான் விலை கதைப்பார். பள்ளிக்கூடச் சட்டைத் துணி கொண்டுவந்த வியாபாரி ஒருவர் ஒருமுறை, "அக்கா, இது வெளிநாட்டுச் சரக்கு" என்றார். மச்சாள் ஊதிப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டில பிள்ளைகளுக்கு வேர்க்காது போல. எங்கட பிள்ளைகளுக்கு வேர்க்கும் தம்பி, கொண்டு போ" என்றார். அடக்கமான ஆள் அல்ல. தனக்குத் தெரிந்ததை நாலு பேர் கேட்கச் சொல்வதில் அவருக்கு ஆசை இருந்தது. அந்த ஆசைக்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

எங்கள் பாதயாத்திரைக் குழு பஸ்ஸில் கிழக்குக் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாகக் கதிர்காமம் வரை நடக்கும். வேல் தூக்குவது சிவநேசன் அண்ணன். சென்ற முறை அவருடைய மருமகன் கொழும்பிலிருந்து செம்மஞ்சள் நிறக் கூடாரங்கள் கொண்டுவந்தார். ஒற்றைத் துணியில் செய்தவை. வளைந்த கம்பி, இழுத்து மூடும் ஜிப், அடியிலும் துணி. கோயில் மண்டபத்தில் ஒன்றை விரித்துக் காட்டினார்கள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மச்சாள் எழும்பிப் போய் அந்தத் துணியை வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியது, காற்றுப் போகவில்லை.

"அண்ண, இதுக்கு மூச்சுப் போற வழி எங்க?"

"ஜிப் இருக்குத் தானே."

"ஜிப்பைத் திறந்து வச்சா கூடாரம் என்னத்துக்கு? மூடினா சோத்துச் சட்டி. மூடியில நிக்கிற தண்ணி யார்ட தலையில விழும்?"

"நாங்க நடக்கப் போறது முருகனுக்கு. சட்டி கழுவ இல்ல" என்றார் அண்ணன். மண்டபம் சிரித்தது. மச்சாளும் சிரித்தார். அவர் சிரித்தால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

அடுத்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு கற்பிட்டிக்குப் போனார். அங்கே வெள்ளைக்காரர் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குவார்கள். கிழிந்த பட்டங்களைத் தைத்துக் கொடுக்கும் முஸ்லிம் தம்பி ஒருவரிடம், தைக்க முடியாதவை குவிந்து கிடந்தன. மச்சாள் ஒவ்வொன்றாக எடுத்து ஊதினார். "இதுக்குள்ளயும் காத்துப் போகுதில்லைத் தானே?" என்று கேட்டேன். "போகத் தேவையில்ல. இது கூரை மட்டும். நாலு பக்கமும் திறந்தது. பக்கத்தால காத்து வரும், மேலால தண்ணி வராது. அவ்வளவுதான் வேணும்" என்றார்.

அந்தத் தம்பிக்குப் புதினமாக இருந்தது. "என்னக்கா, இந்த வயசில பட்டம் விடப் போறீங்களா?"

"ஓம் தம்பி. கதிர்காமத்துக்குப் பறக்கப் போறம். சிவநேசன் அண்ணன் நடந்து வரட்டும்."

நல்ல பகுதிகளை வெட்டி, மேலே கட்டும் கூரைத்துணியாக ஒரு தறப்பாள் தைத்து, தையல் ஓடிய இடமெல்லாம் மெழுகுதிரி தேய்த்தார். எறும்பும் பூச்சியும் வராமல் ஓரத்தில் நுளம்பு வலை வைத்தார். கம்பி கிடையாது, எங்கள் இருவருடைய நடைத்தடிகளே தூண். "பொம்பிளைகள் வெளியில தெரியப் படுக்கிறதா?" என்று செல்லம்மா அக்கா கேட்டபோது, "சேலை என்னத்துக்கு இருக்கு? ஒரு பக்கம் தொங்க விடு" என்றார். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் இரண்டையும் வைத்தோம். கூடாரம் இரண்டு கிலோ சீனிப் பையைத் தூக்கியது. தறப்பாளுக்கு அரைக் கிலோப் பருப்பே கிட்டத்தட்டப் போதுமாக இருந்தது. காட்டில் தண்ணீரும் அரிசியும் தோளில் சுமப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

குறையையும் எழுதவேண்டும். கடற்கரையில் தங்கிய முதல் இரவு மணலில் அடித்த முளைகள் ஒன்றும் நிற்கவில்லை. காற்று தறப்பாளைப் பிடுங்கிச் சிவநேசன் அண்ணனின் கூடாரத்தின் மேலேயே கொண்டுபோய்ப் போட்டது. "பட்டம் விட்டாச்சா சாமி?" என்று அவர் கேட்டார். மச்சாள் விறகுத் துண்டுகளில் கயிற்றைக் கட்டி, அவற்றைப் படுக்கையாகக் குழியில் போட்டு மண்ணை மூடி மிதித்தார். பிறகு அசையவில்லை. "குத்தி நிக்கிறதக் காத்து பிடுங்கும். படுத்துக் கிடக்கிறத ஒண்டும் செய்யாது" என்றார். அவர் சொன்னது கயிற்றைப் பற்றி மட்டும்தானா என்று இப்போது யோசிக்கிறேன்.

அண்ணன் அவரைச் சாமி என்று அழைத்ததற்குக் காரணம் உண்டு. புறப்படும் நாளில் கையில் காப்புக் கட்டுவோம். கட்டிய பிறகு எல்லோருக்கும் எல்லோரும் சாமி. வேல் தூக்குகிறவர் சொன்னால் முருகன் சொன்னது போல, எதிர்க்கதை இல்லை. காப்பு அவிழ்க்கும்வரை சண்டை கூடாது. இந்த வழக்கத்தில் எனக்குப் பூரண நம்பிக்கை உண்டு. அதைத் தன் வசதிக்கு எடுத்தவர் மேல்தான் கோபம்.

காட்டுக்குள் ஆற்றங்கரையில் தங்கிய இரவு காற்றே இல்லை. யானைப் பயத்தில் எல்லோரும் ஜிப்பை இழுத்து மூடிப் படுத்தார்கள். விடிந்தபோது கூடாரங்களுக்குள்ளே பாய் நனைந்து, துவாய் நனைந்து, அண்ணன் பக்கத்தில் வைத்திருந்த வேலின் பட்டும் நனைந்து, திருநீறு களியாகிக் கிடந்தது. "இரவு மழை" என்றார் அண்ணன். வெளியே மணல் உலர்ந்திருந்தது. எங்கள் தறப்பாளின் மேற்புறத்தில் பனி இருந்தது. கீழே நாங்கள் காய்ந்துதான் கிடந்தோம்.

மச்சாள் மெதுவாகத்தான் சொன்னார்: "மேல இருந்து வந்தது இல்ல சாமி. எல்லாம் உங்கட மூச்சு."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் குற்றம். அண்ணனின் முகம் மாறியது. "வேல் நனையக் கூடாது. இண்டையில இருந்து அந்தத் தறப்பாள் வேலுக்கு. இந்த அம்மா என்ட கூடாரத்தில படுக்கட்டும்" என்றார். வேல் இருக்கும் இடத்தில் வேல் தூக்குகிறவர் படுப்பதும் வழக்கம். ஆகவே அன்று முதல் கதிர்காமம் வரை மச்சாளின் தறப்பாளுக்குக் கீழே காய்ந்த பாயில் படுத்தவர் சிவநேசன் அண்ணன். அவருடைய செம்மஞ்சள் சட்டிக்குள் நனைந்து படுத்தவர் தவமணி மச்சாள். கூடப் படுத்த நான் சாட்சி.

கூடாரத்தில் படுத்த முதல் இரவு எனக்கு ஆத்திரத்தில் நித்திரை வரவில்லை. மச்சாள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "காப்பு அவிழட்டும். பிறகு கேப்பம்" என்றார். புரண்டு படுத்து, "வேல் காய்ஞ்சு கிடக்குது பார். அதுவும் என்ட துணிக்குக் கீழ. அந்தப் புண்ணியத்த அவரால என்னட்ட இருந்து பறிக்க ஏலாது" என்றார்.

ஊருக்கு வந்து காப்பு அவிழ்த்தோம். மச்சாள் தறப்பாளைக் கேட்டார். "வேலுக்குச் சாத்தினது இனி வேலுக்குத்தான்" என்று அண்ணன் அதைக் கோயில் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்பதாக மச்சாள் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் இரண்டு தடவை தள்ளிப் போனது. மூன்றாவது தடவைக்கு அவர் இல்லை.

அவருக்கு நெடுநாளாக இருதய வருத்தம். வைத்தியர் அதைத்தான் காரணமாகச் சொன்னார். பனியால் வந்தது என்று அவர் சொல்லவில்லை. கூடாரத்தால் வந்தது என்று நானும் சொல்லமாட்டேன். பொய்யை வைத்து வாங்கும் பழி எனக்கு வேண்டாம்; உண்மையே போதும்.

பழி என்ற சொல்லைப் பக்தியுள்ள பெண் எழுதலாமா என்று என் கணவர் கேட்டார். முருகன் சூரனை மன்னித்து மயிலும் சேவலுமாக ஏற்றுக்கொண்டான் என்று ஒவ்வொரு வருடமும் பிரசங்கத்தில் கேட்கிறோம். அதற்கு முன் அவனை இரண்டாகப் பிளந்தான் என்பதை ஏன் மெதுவாகச் சொல்கிறார்கள்? மன்னிப்பதற்கு நானும் தயார். வரிசைப்படி நடக்கட்டும்.

மச்சாளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை அதிகமில்லை. துணியை ஊதிப் பார்க்கும் பழக்கம். கடற்கரையில் அந்த இரவு மண்ணுக்குள் கிடந்த விறகுத் துண்டு ஒன்று. கயிற்றின் தடம் இன்னும் அதில் இருக்கிறது, சாமித்தட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். பிறகு, அவர் கேட்காமல் விட்ட கேள்வி.

சிவநேசன் அண்ணன், அதை இப்போது நான் கேட்கிறேன். அந்த இரவுகளில் நீங்கள் எதற்குக் கீழே படுத்தீர்கள் என்று மண்டபத்தில் எல்லோர் முன்னும் சொல்லுங்கள். தறப்பாளை அலுமாரியிலிருந்து எடுத்துத் தாருங்கள். வேல் நனையாமல் அதன் கீழே இருக்கட்டும். இந்த முறை வேலுக்குக் காவலாக நாங்கள் பெண்கள் படுப்போம். நீங்கள் உங்கள் மருமகன் கொண்டுவந்த கூடாரத்தில், ஜிப்பை மூடிக்கொண்டு, ஆற்றங்கரையில் படுங்கள். விடிந்ததும் அது மழையா மூச்சா என்று சொல்லுங்கள்.

ஓம் அல்லது இல்லை. எதுவானாலும் காப்புக் கட்டுவதற்கு முன் எனக்குப் பதில் சொல்லிவிடுங்கள். கட்டிய பிறகு என்னால் கேட்க முடியாது.