ஒற்றை வீட்டுக்கு ஆள் தேடியது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டும் என்று எனக்கு நானே நாலு தடவை சொல்லி வைத்திருந்தேன். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதியும் வைத்தேன். பிரசவ விடுப்பு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் அரியலூர் ஆபீஸுக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

எங்கள் வீடு பெரம்பலூருக்கு வெளியே, பிளாட் போட்ட இடத்தில் இருந்தது. மற்ற மனைகளில் கல் மட்டும்தான். பின்பக்கம் மக்காச்சோளக் கொல்லை. கணவர் துபாயில். அம்மா இல்லை. மாமியார் மூத்த மகன் வீட்டை விட்டு வரமாட்டார்.

முதலில் குன்னத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு உயிர் வந்தது. அவளோ பின்கதவைத் திறந்து வெளியே பார்த்தாள்.

"ஏங்க, கூப்புடு தூரத்துல ஒரு வூடு கூட இல்லியே?"

மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனவள் வரவே இல்லை.

இரண்டாவதாக வந்தவள் நேராகவே கேட்டாள். "நூறு நாள் வேலைன்னா நாலு பேரோட மரத்தடியில பேசிக்கிட்டாவது கெடக்கலாம். இங்க செவுத்தோடயா பேசறது?"

"டிவி இருக்குல்ல?" என்றேன். குரல் ஏறிவிட்டது.

"அது நம்மள திருப்பிக் கேக்குமாங்க?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

போகட்டும், பெரிய மகாராணி என்று திட்டித் தீர்த்தேன். ஆனால் அவள் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. ஆறு மாதமாக நான் அந்த வீட்டில் யாரோடு பேசினேன்? கணவர் போனில் "சாப்பிட்டியா, பாப்பா தூங்கிடுச்சா?" என்று கேட்பார். அதற்குமேல் பேச அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சனிக்கிழமை மூன்றாவதாக ஒரு அக்கா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் தாளை எடுக்கவே விடவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"வரேங்க. ஆனா ஒண்ணு. மத்தியானம் புள்ள தூங்கறப்ப நீங்க ஒரு போன் போடணும். புள்ளையப் பத்திக் கேக்க இல்ல. சும்மா எங்கூடப் பேச. இல்லாட்டி இந்த வூட்டுல எனக்குப் பித்துப் புடிச்சிடும்."

என்ன திமிர் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், என்ன செய்வது? சரி என்றேன்.

தினமும் ஒரு மணிக்கு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு போன் போடுவேன். கொல்லையில் மயில் இறங்கியது, மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது, வெங்காயம் அழுகிப்போனது என்று அக்கா நிறுத்தாமல் பேசுவார். நான் ஆபீஸ் வம்பு சொல்வேன். "அட, அப்புறம்?" என்பார். பாவம், பகலெல்லாம் நம் வீட்டில் தனியாக இருக்கிறவர், நம்மால் ஆனது இதுதானே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவுக்கு லீவு. மத்தியானம் குழந்தை தூங்கிவிட்டது. ஒரு மணி ஆனதும் கை தானாகப் போனை எடுத்தது. வெகுநேரம் அடித்தது. எடுத்தபோது பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம், பாத்திரச் சத்தம்.

"அய்யோ, நீங்களாம்மா? பாப்பாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"இல்லக்கா. சும்மாதான்."

"இன்னிக்கு வூடு நெறைய ஆளுங்க. மக வந்திருக்கா, நாத்தனா வந்திருக்கு. நாளைக்குப் பேசலாங்களா?"

"சரிக்கா" என்றேன். வைத்துவிட்டார்.

அவருக்காகத்தான் பேசுகிறேன் என்று இத்தனை நாள் நினைத்தேனே, பைத்தியக்காரி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.  நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தொட்டு எழுப்பினேன்.