பெர்மெத்தைக் கண்டால் அழுத குழந்தைகள்

நான் பகல் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அடுப்பிலிருந்த பால்கஞ்சி அடிப்பிடிக்காமல் யாரோ கிளறி இறக்கி வைத்திருந்தார்கள். பெர்மெத்தான் என்று நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவள் சொல்லிக் காட்டவில்லை. அப்படிப்பட்டவளைத்தான் நான் சந்தேகப்பட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

எங்கள் ஊர் பாலர் பள்ளியில் நான் சமையல்காரி. இருபத்திரண்டு வயதில் அங்கே ஆயாவாக வந்தாள் பெர்மெத். வந்த நாளிலிருந்து மூன்று குழந்தைகள் அவளைக் கண்டாலே வீறிட்டன. மூன்று வயது சோல்பான் ஓடிவந்து என் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

"சும்மாவா அழும்? கிள்ளுறா," என்றாள் பெருக்குகிற கிழவி சைரா. "நம்மகிட்ட சிரிச்சுக்கிட்டுதானே வருதுங்க."

சட்டை மாற்றும் சாக்கில் சோல்பானின் கை, முதுகு, தொடை எல்லாம் பார்த்தேன். ஒரு சிவப்புகூட இல்லை. தடம் தெரியாமல் கிள்ளுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சமையலறைக் கதவை ஒருக்களித்து வைத்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அது தெரியும். குழந்தையைத் தூக்குமுன் கதவுப் பக்கம் திரும்பி விரல்களை விரித்துக் காட்டுவாள்.

சோல்பானின் தாத்தா தலைமை ஆசிரியையிடம் போய் முறையிட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்பவும் அழுதா அவள நிறுத்திடறேன்," என்றார் அந்த அம்மா.

வியாழக்கிழமை மதியம் சோல்பானைப் பெற்றவளே வந்து நின்றாள். ருஷ்யாவில் இரண்டரை வருடம் வேலை பார்த்துவிட்டு, கையில் ஒரு பொம்மையோடு.

"அம்மாடி செல்லம், இங்க வா."

குழந்தை வீறிட்டது. அதே வீறல், அதே ஓட்டம், அதே என் பாவாடை. பெற்றவள் பொம்மையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவ எப்பக் கிள்ளினா, சைரா?" என்று கேட்டேன். கிழவி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். அந்த மூன்றுமே பெற்றவர்கள் வெளிநாட்டில் இருக்க, வயதானவர்களிடம் வளர்பவை. விவரம் தெரிந்த நாள் முதல் அவை பார்த்ததெல்லாம் என் முகம்போலச் சுருக்கம் விழுந்த முகங்கள். இளமுகம்தான் அவற்றுக்குப் பூச்சாண்டி. தலைமை ஆசிரியையிடம் போய் இதைச் சொன்னேன். பெர்மெத்துக்கு வேலை தங்கியது. ஆனால் விரல்களை விரித்துக் காட்டும் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பத்து மாத மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு அவளும் ருஷ்யாவுக்குப் புறப்பட்டாள். வேன் ஏறுமுன், எங்கள் ஊர் வழக்கப்படி நான் நீட்டிய ரொட்டியின் ஓரத்தைக் கடித்தாள். திரும்பி வந்து மீதியைத் தின்னட்டும் என்று துணியில் சுற்றிக்கொண்டேன்.

"துர்சுன் அக்கா," என்றாள். "நான் வர்றப்ப எம்புள்ள என்னப் பாத்துக் கத்துவான். அன்னிக்கு அவன் சட்டையக் கழட்டிப் பாக்காதீங்க."